செம்மண் மேட்டுக் கதவுக்காரி

வெள்ளவத்தை
08.07.2024

அன்புள்ள சரோஜினி டீச்சருக்கு,

உங்கள் காலும் காதும் இப்போது எப்படி? அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். இவர் மவுத்தாகி இன்றைக்குப் பதினெட்டு நாள். ஜனாஸா அன்று வந்து என் கையைப் பிடித்தபடி இருந்தீர்கள். அந்தக் கூட்டத்தில் உங்களோடு ஒரு சொல் கதைக்கவில்லை. போன் எடுத்தால் உங்கள் காதுக் கருவி விசிலடிக்கும் என்று இவர் சொல்லிச் சிரிப்பார். அதனால் எழுதுகிறேன். இத்தாவில் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடுதானே, எழுத நேரம் இருக்கிறது.

கேட்க ஒரு விஷயம் உண்டு. எங்கள் பின்வளவில் கிணற்றடிக்கு அப்பால் இடுப்பளவு செம்மண் மேடொன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். பென்சன் எடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் ஸுபஹு தொழுதுவிட்டு டோர்ச்சோடு இவர் அங்கே போய்க் குந்திவிடுவார். களவாகச் சிகரெட் குடிக்கிறார் என்று நான் பதினொரு வருடம் நினைத்திருந்தேன். போன கிழமை அலுமாரியைத் துப்புரவாக்கினேன். இவர் கையெழுத்தில் பதினொரு சீஆர் கொப்பிகள். எல்லாவற்றிலும் எழுதியிருப்பது ஒரு சிலந்தியைப் பற்றி! அதற்கு இவர் வைத்த பெயர் ‘கதவுக்காரி’. மண்ணுக்குள் குழி தோண்டி, அதற்கு மூடி போட்டு வாழ்கிறதாம்.

கடைசிக் குறிப்பு ஜூன் பதின்மூன்றாம் திகதி. “கதவின் ஓரம் முழுக்க நூலும் மண்ணும் வைத்துப் பூசிவிட்டாள். தட்டினேன். பதில் இல்லை.” அடுத்த நாள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான் இன்று போய்ப் பார்த்தேன். இன்னும் பூசினபடிதான் இருக்கிறது.

நீங்கள் விலங்கியல் படிப்பித்தவர். அது உயிரோடு இருக்கிறதா என்று எப்படி அறிவது? இவர் வளர்த்தது என்று இந்த வீட்டில் அது ஒன்றுதான் மிச்சம்.

துஆவோடு,
ருக்கியா

கொட்டாஞ்சேனை
15.07.2024

அன்புள்ள ருக்கியா,

உம்முடைய கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. முழங்கால் வழமைபோல முறைப்பாடு சொல்லிக்கொண்டிருக்கிறது. நீர் நேரத்துக்குச் சாப்பிடுகிறீரா?

உம்முடைய ஹபீஸ் மாஸ்டர் கணக்குப் படிப்பித்த மனிதர். பத்தொன்பது வருடம் ஒரே ஸ்டாஃப் ரூமில் இருந்தோம். சிலந்தி பற்றி எப்போதாவது கேட்பார். பதினொரு கொப்பி எழுதியது எனக்குத் தெரியாது.

இப்போது உம்முடைய கேள்வி. இந்தச் சாதிச் சிலந்தி வலை பின்னித் தொங்குவதில்லை. நிலத்தில் ஒரு குழாய் தோண்டி, உள்சுவருக்குப் பட்டுத்துணி ஒட்டியதுபோல நூல் பூசி, வாய்க்கு ஒரு மூடி செய்கிறது. ஒரு பக்கம் நூலால் கீல். ஓரம் சரிவாக இருப்பதால் போத்தலுக்குத் தக்கை இறங்குவதுபோலப் பொருந்தும். மேலே பாசியும் மண்ணும் ஒட்டியிருப்பதால் பக்கத்தில் நின்றாலும் தெரியாது.

வேட்டையாடுவதைக் கேளும். ஓடத் தொடங்கிய பஸ்ஸின் மிதிபலகையில் நின்று, ஒரு கையால் கம்பியை விடாமல் மற்றக் கையால் கச்சான் கடலைப் பைக்கற் வாங்குகிறவரைப் பார்த்திருப்பீர். கதவுக்காரியும் அப்படித்தான். பின்கால்கள் வீட்டுக்குள், முன்கால்கள் வெளியே. பூச்சி நடக்கும் அதிர்வைக் காலால் கேட்டு, பாய்ந்து, பிடித்து, மூடிவிடுவாள். எனக்கு இப்போது காது இல்லை. அவளுக்குப் பிறவியிலேயே இல்லை. ஆனால் எறும்பு நடப்பது அவளுக்குத் தெரியும்!

பெண் சிலந்தி வாழ்நாள் முழுவதும் அதே குழிதான். பெருக்கப் பெருக்க அதையே அகட்டுவாள். பெரியவளைத் தோண்டி எடுத்து வேறிடத்தில் விட்டால் புதுக்குழி தோண்டிப் பிழைப்பது அரிது.

கதவைப் பூசுவதற்கு மூன்று காரணம் இருக்கலாம். தோல் கழற்றலாம், முட்டையிட்டிருக்கலாம், வறட்சிக்குப் பயந்திருக்கலாம். பொறுத்திரும். திறக்க வேண்டாம்.

என்றும் உம்மை நினைக்கும்,
சரோஜினிதேவி

வெள்ளவத்தை
24.07.2024

அன்புள்ள டீச்சர்,

நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். மருமகள் பர்ஹா ஹெந்தளையிலிருந்து அனுப்புகிற சோறு மூன்று பேருக்குப் போதும்.

கொப்பிகளைக் கடைசியிலிருந்து பின்னோக்கி வாசிக்கிறேன். ஏனென்று தெரியாது. முதல் கொப்பியில் இவர் இளமையாக இருப்பார், அதைக் கடைசியில் பார்ப்போம் என்ற ஆசையாக இருக்கலாம். ஒவ்வொரு வருடமும் ஜனவரி முதலாம் திகதி கதவின் அளவைப் பென்சிலால் கீறி வைத்திருக்கிறார். 2024இல் பத்து ரூபாய்க் குத்தியளவு. 2021இல் சட்டைப் பொத்தான். 2018இல் கொத்தமல்லி விதை. பின்னால் போகப் போகக் கதவு சின்னதாகிக்கொண்டே போகிறது டீச்சர். ஒரே கதவுதானாம். ஓரத்தில் புதுநூல் சேர்த்துச் சேர்த்துப் பெருப்பித்ததாம். கண்ணாடி வைத்துப் பார்த்தால் மரத்தின் வளையம்போல வட்டம் வட்டமாகத் தெரியும் என்று எழுதியிருக்கிறார்.

2019இல் ஒரு நாள்: “ஊசியால் கதவைக் கிளப்பப் பார்த்தேன். உள்ளேயிருந்து பல்லால் கொளுவி இழுத்தாள். ஊசி வளைந்தது. என்ன பலம்! ரு. இன்று கோபம். தேங்காய் வாங்க மறந்தேன்.”

அந்தத் தேங்காய் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இரண்டு நாள் கதைக்கவில்லை. ஊசியும் என்னுடைய தையல் பெட்டி ஊசிதான்.

கதவு இன்னும் திறக்கவில்லை.

ருக்கியா

கொட்டாஞ்சேனை
02.08.2024

அன்புள்ள ருக்கியா,

நலமா? இங்கே மழையும் வெயிலும் மாறி மாறி. கீழ் வீட்டு இரத்தினம்மாதான் உம்முடைய கடிதத்தை மேலே கொண்டுவந்து தந்தா. “டீச்சர், காதல் கடிதமோ?” என்று கேட்டா. உதட்டசைவில் புரிந்தது. “ஓம், சிலந்தியிடமிருந்து” என்றேன்.

வளைந்த ஊசியைப் பற்றி வாசித்து நெடுநேரம் யோசித்தேன். முப்பத்து மூன்று வருடம் இந்தப் பாடத்தைப் படிப்பித்தேன். கரும்பலகையில் படம் கீறினேன், எட்டுக் கண், நாலு சோடிக் கால், பெயர் குறி என்றேன். ஒருமுறையாவது ஒரு கதவின் முன்னால் குந்தவில்லை. கணக்கு மாஸ்டர் குந்தியிருக்கிறார்.

உணவில்லாமல் எப்படி இருப்பாள் என்று நீர் கவலைப்படுவீர். அடுப்பைச் சிம்மில் வைப்பதுபோல உடம்பைத் தணித்து வைக்க அவளால் முடியும். மாதக்கணக்கில் பசி தாங்குவாள். தோல் கழற்றுவதானால் ஒரு மாதம் போதும். முட்டையென்றால் இன்னும் கொஞ்சம்.

ஆவணி முடியுமட்டும் பார்ப்போம்.

அன்புடன்,
சரோஜினிதேவி

வெள்ளவத்தை
19.09.2024

அன்புள்ள டீச்சர்,

பதில் எழுதப் பிந்திவிட்டேன். சுகமில்லாமல் இல்லை. எழுதினால் நீங்கள் ஒரு முடிவு சொல்வீர்கள் என்று பயந்து இருந்துவிட்டேன்.

மழைக்கு அந்த மேடு சரிந்து கிணற்றடிக்கு வருகிறது. மகன் ஸப்வான் அதைச் செதுக்கிச் சீமெந்து பூச ஒரு மேசன் பாஸைப் பிடித்திருக்கிறான். ஐப்பசி மழைக்கு முன்னம் முடிக்க வேண்டுமாம். நான் கதவுக்காரியைச் சொன்னேன்.

“உம்மா, அது செத்து மூணு மாசமாகியிருக்கும்.”

“செத்ததென்டு உனக்கு ஆர் சென்ன?”

“அப்ப சரோஜினி டீச்சர்ட கேளுங்க. அவ எனக்கு ஏஎல் படிப்பிச்சவ. உயிரோட ஈக்கிதென்டு டீச்சர் சென்னா நான் மண்ணத் தொடவும் மாட்டன். செத்ததென்டா பூசுவோம்.”

ஆகையால் கேட்கிறேன். பூசி இப்போது மூன்று மாதமும் ஆறு நாளும். ஓரத்தில் ஒரு மயிரளவு வெடிப்பு. மேலிருந்த பாசி காய்ந்துவிட்டது. நாலு நாளாக அதன்மேல் சிவப்பெறும்பு. உள்ளதை எழுதிவிட்டேன். நீங்களும் உள்ளதை எழுதுங்கள். பாஸ் வந்தால், அந்நிய ஆண், நான் முன்னால் போய் நிற்க முடியாது. இத்தா முடிய இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது.

ருக்கியா

கொட்டாஞ்சேனை
24.09.2024

அன்பின் ருக்கியா,

இரண்டு நாள் யோசித்து எழுதுகிறேன். உம்மை ஏமாற்ற எனக்கு மனமில்லை.

வீட்டில் யாரும் இல்லையென்றால் முதலில் வாசல் கூட்டுவது நிற்கும். கதவுக்காரி உயிரோடிருந்தால் பாசியைக் காயவிட மாட்டாள், வெடிப்பை அன்றே நூலால் அடைத்துவிடுவாள். எறும்பு வருகிறதென்றால் உள்ளே இறந்த உடல் இருக்கிறது என்று பொருள். அவள் போய்விட்டாள். பத்து வருடத்துக்கு மேல் ஒரே குழியில் வாழ்ந்து, ஒரு கணக்கு மாஸ்டரைத் தன் மாணவனாக வைத்திருந்தவள். நல்ல வாழ்வுதான்.

ஸப்வானை வேலையைச் செய்யச் சொல்லும். நீர் அழ வேண்டுமானால் அழும்.

அன்புடன்,
சரோஜினிதேவி

வெள்ளவத்தை
28.09.2024

அன்புள்ள டீச்சர்,

கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்னபடியே ஸப்வானுக்குச் சொல்லிவிட்டேன். பாஸ் வருகிற வியாழக்கிழமை, மூன்றாம் திகதி, காலை ஒன்பது மணிக்கு வருகிறார்.

நேற்று முதல் கொப்பிக்கு வந்து சேர்ந்தேன். அதில் ஒரு பக்கத்தை உங்களுக்காக அப்படியே எழுதுகிறேன். கதவுக்காரிக்கு முன்னம் அதே மேட்டில் இன்னொன்று இருந்திருக்கிறது.

“2014 ஒக்டோபர் 9. நூறு நாளாகப் பூசினபடி. பாசி காய்ந்தது. மேலே எறும்பு. தெரிந்த ஒருவரிடம் போனில் கேட்டேன். செத்தது, தோண்டிப் பாருங்கள் என்றார். தோண்டினேன். உயிரோடிருந்தாள். அவளைச் சுற்றி நூற்றுக்கு மேல் குஞ்சுகள், பாலில் ஊறிய எள்ளுப்போல. எறும்பு மூடியின் மேலோடு சரி, உள்ளே ஒன்றும் போகவில்லை. மண்ணைத் திரும்ப மூடினேன். மூன்றாம் நாள் தாய் செத்தாள். குஞ்சுகளை எறும்பு கொண்டுபோனது.

ஒக்டோபர் 30. மேட்டின் ஓரத்தில் கடுகளவு ஒரு கதவு. ஒன்று தப்பியிருக்கிறது!”

அந்தத் தப்பியதுதான் நம்முடைய கதவுக்காரி.

முழங்காலுக்கு எண்ணெய் தடவுங்கள்.

ருக்கியா

வெள்ளவத்தை
05.10.2024

அன்புள்ள டீச்சர்,

வீடு போய்ச் சேர்ந்து கால் வீங்கியதா? ஸப்வான் காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லியும் கேட்காமல் பஸ்ஸில் போனீர்களே.

வியாழக்கிழமை நடந்தது முழுக்க உங்களுக்குத் தெரியாது. நீங்கள் பார்த்தீர்கள், ஆனால் கேட்கவில்லை. நான் குசினிக் கதவு நீக்கலால் கேட்டேன், ஆனால் பாதிதான் பார்த்தேன். இரண்டையும் சேர்த்தால்தான் கதை முழுமையாகும்.

நீங்கள் வந்து, கவிழ்த்த வாளியின் மேல் மேட்டுக்கு முன்னால் குடையோடு இருந்ததும் பாஸ் முதலில் மரியாதையாகத்தான் “அம்மே, டிக்கக் அயின் வென்ன” என்றார். கொஞ்சம் விலகச் சொன்னார். நீங்கள் “ஓம், ஓம், சுகம்” என்றீர்கள். இரண்டாம் முறை சத்தமாகச் சொன்னார். நீங்கள், “வேண்டாம், தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தனான்” என்றீர்கள். பிறகு மண்ணைக் காட்டி, “இதுக்குள்ள ஒருத்தி குடியிருக்கிறா” என்றீர்கள். அவர் ஸப்வானுக்குப் போன் எடுத்து, “மாத்தயா, சீமெந்து குழைச்சாச்சு. ஒரு அம்மா வந்து குந்திட்டா. மண்ணுக்குள்ள ஆரோ குடியிருக்காங்களாம். பைத்தியம் அவவுக்கா எனக்கா?” என்று சிங்களத்தில் கேட்டார். ஸப்வான், “அவ எங்க டீச்சர். அவ சரியென்டு சென்னாத்தான் நீங்க மண்ணுல கை வெக்கலாம்” என்று சொல்லியிருக்கிறான்.

பிறகு நீங்கள் குடை நுனியால் அவருக்குக் கதவைக் காட்டினீர்கள் அல்லவா? அவர் முழங்காலில் நின்று நெடுநேரம் பார்த்தார். அப்போது தனக்குத்தானே சொன்னதைத்தான் நீங்கள் கட்டாயம் அறிய வேண்டும். “அளவுகோல் இல்லாம இந்த வட்டத்த வெட்டினது ஆரு? கீல் எந்தப் பக்கமெண்டு பாரு, சரிவுக்கு மேல் பக்கம். கைய விட்டாத் தன்பாட்டுல மூடும். முப்பது வருசமாக் கதவு நிலை வைக்கிறன், எனக்கு இது தோணேல்ல.”

குழைத்த சீமெந்தை வீணாக்காமல் கிணற்றுக்கட்டைப் பூசிவிட்டுப் போனார். அழகாக இருக்கிறது.

நீங்கள் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

ருக்கியா

கொட்டாஞ்சேனை
10.10.2024

அன்பின் ருக்கியா,

கால் வீங்கியது, வற்றிவிட்டது. பாஸ் சொன்னதை மூன்று தரம் வாசித்தேன். அப்படியொரு மாணவன் எனக்குக் கிடைக்கவில்லை.

சொல்லாமல் வந்ததைச் சொல்கிறேன். புதன்கிழமை பின்னேரம்தான் உம்முடைய கடிதம் வந்தது. அந்தத் தெரிந்த ஒருவர் நான்தான். 2014இல் எனக்குக் காது கேட்டது. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மாஸ்டர் போன் எடுத்து எல்லாம் விளக்கமாகச் சொன்னார். நான் பேனையைக் கீழே வைக்காமலே, “எறும்பு வந்தால் செத்ததுதான் மாஸ்டர், தோண்டிப் பாருங்கோ” என்றேன். பிறகு ஒரு கலியாண வீட்டில் கண்டு, “என்ன, பார்த்தனீங்களோ?” என்று கேட்டேன். “நீங்க சொன்னபடிதான் டீச்சர்” என்று சிரித்தார். அதோடு வேறு கதைக்குப் போய்விட்டோம்.

பத்து வருடம் கழித்து அதே எறும்பு, அதே காய்ந்த பாசி. நானும் அதே பதிலை, இன்னும் அழகான உதாரணத்தோடு எழுதியிருக்கிறேன். வாசல் கூட்டுவது நிற்குமாம்! குஞ்சு காக்கிற தாய்க்கு வாசல் கூட்ட எங்கே நேரம்? புத்தகத்தில் இரண்டு மாதம் என்று படித்ததை அவளும் படித்திருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

இப்போதும் அவள் உயிரோடிருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று ஒரு மாணவனிடமும் சொன்னதில்லை. உம்மிடம் சொல்கிறேன்.

மன்னித்துக்கொள்ளும்.

சரோஜினிதேவி

வெள்ளவத்தை
14.10.2024

அன்புள்ள டீச்சர்,

சுகத்துக்கு எழுதுங்கள். மன்னிப்பு நான்தான் கேட்க வேண்டும். நான் பக்கத்தை ‘அப்படியே’ எழுதவில்லை. ‘தெரிந்த ஒருவர்’ என்று மாற்றினேன். கொப்பியில் ‘ச. டீச்சர்’ என்றிருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு வரி உண்டு. அதையும் விட்டுவிட்டேன்:

“டீச்சருக்குச் சொல்லக் கூடாது. மனம் உடைந்து படிப்பிப்பதை விட்டுவிடுவார். பிள்ளைகளுக்கு அவர் வேண்டும்.”

இவர் மறைத்ததை நான் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் கதவுக்காரி சீமெந்துக்குள் போய்விடுவாள். ஸப்வானோ உங்கள் சொல்லுக்கு மட்டும்தான் நிற்பான். பெயரை விட்டுப் பக்கத்தை அனுப்பினேன். தபால் பிந்தினால் என்ன செய்வேன் என்று புதன்கிழமை முழுக்க நான் இருந்த நிலை படைத்தவனுக்குத்தான் தெரியும். முழங்கால் நோவோடு புறக்கோட்டையில் இறங்கி, இன்னொரு பஸ் ஏறி, ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க நீங்கள் கேற்றைத் திறந்தீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

கதவு இன்னும் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

உங்கள் ருக்கியா

வெள்ளவத்தை
30.10.2024

அன்புள்ள டீச்சருக்கு,

நாளைக்குத் தீபாவளி. உங்களுக்கும் இரத்தினம்மா அக்காவுக்கும் வாழ்த்துக்கள்.

நேற்று முன்தினத்தோடு என் இத்தா முடிந்தது. இரண்டு நாள் அடித்த மழையும் அன்று இரவோடு விட்டது. நேற்று ஸுபஹு தொழுதுவிட்டு மேட்டடிக்குப் போனேன். பூச்சு வட்டமாக வெடித்திருந்தது. மூடி ஒரு நெல்மணியளவு உயர்ந்து நின்றது. அதற்குக் கீழே இரண்டு கறுத்த கால்கள். அவள் மூடியைப் பிடித்திருந்தாளா, தானாக நின்றதா, தெரியாது. நான் கண்டது இரண்டு கால், இரண்டும் அசைந்தன. உயிரோடிருக்கிறாள் டீச்சர்!

அந்த நீக்கலால் குஞ்சுகள் வந்தன. ஒவ்வொன்றாக, நெருக்காமல், பள்ளிக்கூடம் விட்டதுபோல இல்லாமல், தொழுகை முடிந்து எழும்புகிறவர்கள்போல அமைதியாக. தாயின் காலுக்கு மேலாக ஏறி இறங்கிப் போயின. ஒரு சாண் தூரம், இரண்டு சாண் தூரம், அவ்வளவுதான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் இடம் காட்டவில்லை. ஒரு குஞ்சு நின்று, மண்ணை வாயால் ஒரு துளி எடுத்து ஒதுக்கி வைத்தது. பிறகு இன்னொரு துளி. ஸுப்ஹானல்லாஹ் என்றேன்.

ஹெந்தளைக்குச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போக ஸப்வான் கார் கொண்டுவந்தான். “உம்மா, பர்ஹா பாத்துக்கிட்டு ஈக்கா” என்று முன்வாசலில் நின்று கூப்பிட்டான். தேடிக்கொண்டு பின்னால் வந்தவன் சப்பாத்தோடு முழங்காலில் விழுந்து பார்த்தான். “எத்தின உம்மா?” என்று வாப்பாவின் குரலிலேயே மெல்லக் கேட்டான்.

நூற்றுப் பதினேழு வரை எண்ணினேன். அப்போது ஒன்று என் செருப்பின் மேல் ஏறியது. அது இறங்குமட்டும் மூச்சை அடக்கி நின்றதில் எண்ணிக்கை விட்டுப்போனது. ஹெந்தளைச் சோறு பின்னேரம் ஆறிப்போய்த்தான் சாப்பிட்டோம்.

இன்று காலை, குண்டூசித் தலையளவில் மூன்று மூடிகள் கண்டேன். நாளைக்கு இன்னும் இருக்கும். சனிக்கிழமை வாருங்கள். ஸப்வான் வந்து ஏற்றுவான், இந்த முறை மறுக்க வேண்டாம். பின்வளவுக்கு வரும்போது மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு, நான் காட்டுகிற இடத்தில் மட்டும் காலை வையுங்கள். இனி அங்கே எது வெறும் மண், எது ஒருவருடைய கதவு என்று எனக்கே தெரியாது.

ருக்கியா